பூட்ட ஒரு விசை, திறக்க நாலு இலக்கம்
கொல்லிமலை வீடுகளை முன்வைத்து அலாரக் கீபேடின் குறுக்குவிசைகள் பற்றி ஓர் ஆய்வு

திருட்டு அலாரம் மாட்டி முடித்துக் கருவிகளை எடுத்து வைக்கும் டெக்னீஷியனிடம் வீட்டுக்காரர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "ஒவ்வொரு தடவையும் நம்பர் அடிக்கணுமா? ஒரே பட்டன்ல வேலை முடியற மாதிரி பண்ணித் தர முடியாதா?" முடியும். பேனல் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் எல்லாம் அதற்கு வழி வைத்திருக்கின்றன. டெக்னீஷியனும் சில நிமிடங்களில் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எந்த வேலைக்கு அப்படி ஒரு விசை வைக்கலாம், எந்த வேலைக்கு வைக்கவே கூடாது என்ற பேச்சு மட்டும் அங்கே எழுவதில்லை. அந்தப் பேச்சைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கொல்லிமலையை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நகரத்துத் தெருவில் சைரன் அலறினால் எதிர்வீட்டு விளக்காவது எரியும். இங்கே செம்மேடு, சோளக்காடு போன்ற ஊர்களை விட்டு விலகினால் பல வீடுகள் மிளகுக்கொடிக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே தனித்து நிற்கின்றன. உரிமையாளர் சேலத்திலோ சென்னையிலோ இருக்க, தோட்டத்தையும் வீட்டையும் ஒரு காவல் குடும்பம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளும் உண்டு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வண்டி ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கீழேயிருந்து உதவி வருவதற்குள் நேரம் ஓடிவிடும். ஆகவே கீபேடில் ஒரு விசை என்ன செய்கிறது, அதை அழுத்தினால் யார் வருவார் என்ற கேள்வி இங்கே நகரத்தைவிடக் கனமானது.

விசைகள் வந்த வழி

மின்சாரத்தில் இயங்கும் திருட்டு அலாரத்துக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் 1853இல் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. 1857இல் அந்த உரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதைத் தொழிலாக வளர்த்தார். அப்போது கீபேட் என்ற பேச்சே இல்லை.

கீபேட் வந்தது தொலைபேசி வழியாக. பெல் ஆய்வகத்தில் ஜான் கார்லின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பலனாக, மேல்வரிசையில் 1, 2, 3 வரும் பொத்தான் தொலைபேசி 1963 நவம்பரில் பயனுக்கு வந்தது. கால்குலேட்டரில் மேல்வரிசை 7, 8, 9 என்று இருக்கும். கார்லின் குழு பலவகை அடுக்குகளை ஆட்களிடம் சோதித்துப் பார்த்து 1, 2, 3 மேலே வரும் அடுக்கைத் தேர்ந்தது. நட்சத்திரமும் ஹேஷும் 1968இல் சேர்ந்தன. பின்னால் வந்த அலாரக் கீபேடுகள் இதே அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டன. எண்கள் ரகசியக் கோடுக்கும், நட்சத்திரமும் ஹேஷும் கட்டளைக்கும் என்று வேலை பிரிந்தது. கோடு அடிக்காமல் கட்டளை கொடுக்கும் வழி, அதாவது குறுக்குவிசை, இந்தப் பிரிவினையில்தான் பிறந்தது.

பட்டன் செல்போனில் 2ஐ அழுத்திப் பிடித்தால் மகனுக்கு அழைப்பு போகும் என்று பழகிய பெரியவர்கள் மலையிலும் ஏராளம். அலாரக் கீபேடிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் செல்போன் குறுக்குவிசை தவறிப்போனால் மகனின் தூக்கம் கெடும். அலாரக் குறுக்குவிசை தவறிப்போனால் வீடே திறந்து கிடக்கும்.

கீபேடைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

கனடாவின் டிஎஸ்சி கம்பெனியின் பவர்சீரீஸ் பேனல்கள் நம் நாட்டிலும் பரவலாக மாட்டப்பட்டவை. அதன் கீபேடில் எண்களுக்குப் பக்கத்தில் ஐந்து தனி விசைகள் உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போதே அவற்றுக்கு வேலை ஒதுக்கப்பட்டிருக்கும்: ஆட்கள் உள்ளே இருக்கும்போது போடும் ஸ்டே, எல்லோரும் வெளியே போகும்போது போடும் அவே, கதவு திறந்தால் 'டிங்' என்று ஒலிக்கும் சைம், புகை சென்சாரை ரீசெட் செய்வது, அலாரம் போட்டபடியே ஒருவர் வெளியே போக வழிவிடும் குவிக் எக்ஸிட். இந்த ஒதுக்கீட்டை மாற்ற நட்சத்திரம், 8, அதன்பின் டெக்னீஷியனுக்குரிய இன்ஸ்டாலர் கோடு அடித்து 000 என்ற பிரிவுக்குள் போக வேண்டும். 1 முதல் 5 வரை எந்த விசை என்று சொல்லி, இரண்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் வேலை மாறிவிடும். 03 என்றால் ஸ்டே, 04 என்றால் அவே, 06 என்றால் சைம், 16 என்றால் குவிக் எக்ஸிட்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: இந்த ஒதுக்கீடு அந்தந்தக் கீபேடுக்கு மட்டும் உரியது. வாசல் கீபேடில் செய்த மாற்றம் படுக்கையறைக் கீபேடுக்குத் தானாகப் போகாது. டெக்னீஷியனுக்கு இது கூடுதல் வேலை. வீட்டுக்காரருக்கோ இது ஒரு வசதி. வாசலில் இருப்பதற்கு ஒரு குணமும் கட்டில் அருகே இருப்பதற்கு வேறு குணமும் கொடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே ஒதுக்கீடு வைப்பது அந்த வசதியை வீணாக்குவது.

ஹனிவெல் விஸ்டா பேனல்களின் வழி வேறு. அங்கே கோடு அடித்து 2 அழுத்தினால் அவே, 3 அழுத்தினால் ஸ்டே, 1 அழுத்தினால் அலாரம் அணையும், 6 என்றால் ஒரு ஜோனை, அதாவது சென்சார் காக்கும் ஒரு பகுதியை, ஒதுக்கிவைக்கும் பைபாஸ், 9 என்றால் சைம். குவிக் ஆர்ம் வசதியைத் திறந்துவைத்தால் கோடுக்குப் பதில் ஹேஷ் போதும்: ஹேஷ் 2, ஹேஷ் 3. ஓரத்தில் ஏ, பி, சி, டி என்று நான்கு விசைகள். இன்ஸ்டாலர் பகுதியில் நட்சத்திரம் 57இல் அவற்றுக்கு வேலை சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஏ, பி, சி மூன்றும் அவசர விசைகளாக இருக்கும். ஒரு அழுத்தலுக்கு ஸ்டே, மறு அழுத்தலுக்கு நைட் ஸ்டே, அதற்கடுத்த அழுத்தலுக்கு அவே என்று படிப்படியாக மாறும் ஏற்பாடும் இதில் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், பல கட்டளைகளைக் கோர்த்து ஒரே விசையில் ஏற்றும் மேக்ரோவும் உண்டு. பின்பக்கக் கொட்டகை ஜோனை பைபாஸ் செய், பிறகு ஸ்டே போடு என்று அடிக்க வேண்டியதை ஒரு விசைக்குள் அடக்கிவிடலாம்.

பெயர்கள் மாறினாலும் எல்லாக் கம்பெனிகளின் குறுக்குவிசைகளையும் நான்கு கூட்டமாகப் பிரித்துவிடலாம்: பூட்டும் விசை, திறக்கும் விசை, ஒதுக்கும் விசை, கூப்பிடும் விசை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் தனி.

பூட்டும் விசை: தாராளமாக வைக்கலாம்

அலாரம் போடுவது எவ்வளவு எளிதோ அவ்வளவு தூரம் அது தினமும் போடப்படும். ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் நாலு இலக்கம் அடிக்கச் சோம்பல்பட்டு அலாரம் போடாமல் விட்ட வீடு, அலாரமே இல்லாத வீட்டுக்குச் சமம். யாரோ ஒரு வெளியாள் வந்து ஸ்டே விசையை அழுத்திவிட்டால் என்ன ஆகும்? அலாரம் விழித்துக்கொள்ளும், அணைக்கக் கோடு வேண்டும். வீட்டுக்காரருக்குச் சிறிது தொந்தரவு, திருடனுக்கு லாபமில்லை. ஆகவே குவிக் ஆர்ம் வசதியைத் திறந்துவைப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. காவல் குடும்பம் இருக்கும் வீட்டில் இது இன்னும் பொருந்தும். மிளகு காயவைத்த களத்திலிருந்து திரும்பும் காவலாளி, கோடு தெரியாமலேயே கிடங்கைப் பூட்டி அலாரம் போட முடியும்.

ஒரே ஒரு சங்கடம் குவிக் எக்ஸிட். அலாரம் போட்ட வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போக அது கதவைச் சில நிமிடம் விட்டுக்கொடுக்கிறது. விடியற்காலையில் தோட்டத்துக்குக் கிளம்புகிறவருக்கு வசதிதான். ஆனால் உள்ளே விருந்தாளியாகத் தங்கியவரும் அதை அழுத்தலாம். வாடகைக்கு விடும் வீடுகளில் அந்த விசையைக் காலியாக விடுவது நல்லது.

திறக்கும் விசை: வைக்கவே கூடாது

இந்த இடத்தில் கொல்லிப்பாவையை நினைக்காமல் முடியாது. நற்றிணையும் குறுந்தொகையும் குறிப்பிடும் அந்தப் பாவைக்கு உரைகள் வழியாக வந்த கதை இது: மலையில் தவமிருந்த முனிவர்களைத் துன்புறுத்த வந்த அசுரர்களுக்காகத் தெய்வத்தச்சன் ஒரு பாவையைச் செய்து நிறுத்தினான், அவர்களின் வாடை காற்றில் பட்டதும் அது சிரித்து மயக்கி உயிரை எடுக்கும். இன்று எட்டுக்கை அம்மனாக மலையில் வழிபடப்படுவது அந்தப் பாவையே என்பது நம்பிக்கை. அலாரக்காரர் கண்ணால் பார்த்தால் அது சென்சாரும் சைரனும் ஒன்றாகச் சேர்ந்த கருவி. இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கும். அதற்குக் கோடு தேவைப்படவில்லை. முனிவர் யார், அசுரர் யார் என்று அதற்கே தெரியும்.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சென்சாருக்கு அந்த அறிவு கிடையாது. அறையில் உடல்சூடு ஒன்று நகர்ந்தது, கதவுக் காந்தம் விலகியது என்று மட்டும் அதற்குத் தெரியும். வந்தது வீட்டுப் பிள்ளையா வேற்றாளா என்று அறிய அதற்கிருக்கும் ஒரே சான்று அந்த நாலு இலக்கம். திறக்கும் வேலையைக் கோடில்லாத விசைக்குக் கொடுத்தால் அந்தச் சான்றையே பிடுங்கிவிடுகிறோம். நல்ல கம்பெனிகள் ஒற்றை விசையில் அணைக்கும் வசதியை அதனால்தான் கொடுப்பதில்லை. ஆனால் இரண்டு பின்வாசல்கள் உண்டு. ஒன்று, ரிமோட்: சாவிக்கொத்தில் தொங்கும் அதில் அணைக்கும் பட்டன் இருக்கும். அது தொலைந்தால் வீட்டுச்சாவி தொலைந்ததற்கும் மேல். மற்றொன்று, கம்பெனி போட்டுக் கொடுத்த கோடை அப்படியே விட்டுவைப்பது. 1234 என்பது பல பேனல்களின் பிறவிக் கோடு. டேட்டாஜெனெடிக்ஸ் என்ற தளத்தில் நிக் பெர்ரி 2012இல், கசிந்து வெளிவந்த சுமார் 34 லட்சம் நாலு இலக்க எண்களை ஆராய்ந்தபோது அவற்றில் ஏறத்தாழ 11 சதவீதம் 1234ஆகவே இருந்தது. இப்படிப்பட்ட கோடு நாலு இலக்கம் என்று பெயர் வாங்கிய குறுக்குவிசைதான்.

இன்ஸ்டாலர் கோடும் இதில் சேரும். டிஎஸ்சியில் 5555, விஸ்டாவில் 4112 என்று கையேட்டிலேயே அச்சாகியிருக்கும் எண்ணை டெக்னீஷியன் மாற்றாமல் போனால், குறுக்குவிசை உட்பட எல்லா ஒதுக்கீட்டையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

கீபேடின் முகமே சில நேரம் கோடைக் காட்டிக்கொடுக்கும். மஞ்சளும் மிளகுத் தூளும் காப்பிக் கறையும் படிந்த விரல்கள் தினமும் தொடும் நாலு எண்கள் மங்கிப்போயிருக்கும். மற்றவை புதிதாகவே இருக்கும். மங்கிய எண்கள் நான்கு என்றால் அவற்றை அடுக்கும் வழிகள் 24 மட்டுமே. ஓர் எண் இருமுறை வரும் கோடாக இருந்து மூன்று எண்கள் மட்டும் மங்கியிருந்தால் வழிகள் 36 ஆகும். பத்தாயிரத்திலிருந்து இவ்வளவு கீழே இறங்குவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். தப்புக் கோடு சிலமுறை அடித்தால் கீபேட் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும் வசதி பல பேனல்களில் உண்டு. அதைப் போட்டுவைத்து, கோடை அவ்வப்போது மாற்றி, கீபேடைத் துடைத்து வைப்பதே இதற்கு மருந்து.

வெளியாள் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். சென்னை அரும்பாக்கத்தில் 2022 ஆகஸ்டில் நகைக்கடன் நிறுவனக் கிளை ஒன்றில் பட்டப்பகலில் பெருங்கொள்ளை நடந்தது. அதன் சூத்திரதாரி என்று போலீஸ் பிடித்தவர் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். உரிமையாளர், காவலாளி, விருந்தாளி மூவருக்கும் ஒரே கோடு கொடுப்பது இந்தக் காரணத்தாலேயே தவறு. ஆளுக்கொரு கோடு வைத்தால் யார் எப்போது திறந்தார் என்று பேனலின் நினைவில் பதியும். வேலையை விட்டுப் போனவரின் கோடை மட்டும் அழித்துவிடலாம்.

ஒதுக்கும் விசை: பார்த்துப் பார்த்து

பைபாஸ் என்பது ஒரு கதவையோ ஜன்னலையோ காவலிலிருந்து விலக்கிவைப்பது. மழைக்காலத்தில் மரக்கதவு ஊறிக் காந்தம் சரியாக உட்காராமல் போனால், பேனல் அந்த ஜோன் திறந்திருக்கிறது என்று சொல்லி அலாரம் போட மறுக்கும். உடனே பைபாஸ். அதை மேக்ரோவில் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கதவு கேட்பாரில்லாமல் கிடக்கும். கோளாறைச் சரிசெய்யாமல் மறைக்கும் விசை இது. கொட்டகையில் ஆடு கட்டியிருக்கிறது, அதன் நடமாட்டத்தில் சென்சார் அடிக்கிறது என்றால், சென்சாரின் இடத்தை மாற்ற வேண்டும் அல்லது விலங்குகளைப் பொருட்படுத்தாத சென்சார் போட வேண்டும். பைபாஸைக் கோடு அடித்து, அன்றன்றைக்கு, தெரிந்தே செய்வதே சரி.

கூப்பிடும் விசை: வேண்டும், ஆனால் தவறி அழுந்தக் கூடாது

கொங்குச் சமவெளியில் தோட்டத்து வீடுகளில் தனியாக வசிப்பவர்களின் அச்சம் இந்த ஆண்டுகளில் கூடியிருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே முதிய தம்பதியின் கொலை வெளியே தெரியவந்தது. இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு கேமராவும் அலாரமும் பற்றிய பேச்சு தோட்டத்து வீடுகளில் அதிகமாயிற்று. கேமரா நடந்ததைக் காட்டும். நடக்கும்போதே ஆளைக் கூப்பிடுவது அவசர விசை. தனி வீட்டுக்கு இருப்பதிலேயே முக்கியமான குறுக்குவிசை இதுதான்.

தீ, மருத்துவ உதவி, போலீஸ் என்று மூன்று அவசர விசைகள் பெரும்பாலான கீபேடுகளில் உண்டு. டிஎஸ்சியில் இரண்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விஸ்டாவில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தலாம், அல்லது ஓர விசையை அழுத்திப் பிடிக்கலாம். இந்த இரண்டு விநாடியின் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அமெரிக்கப் போலீசுக்கு வரும் திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் அழைப்புகள் என்று அந்நாட்டு நீதித்துறை வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. சலிப்படைந்த சால்ட் லேக் சிட்டி, யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்தால்தான் போலீஸ் வரும் என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி கொண்டுவந்தது. தொழில்துறையும் தன் பங்குக்கு சிபி-01 என்ற தரவிதியை வகுத்தது. வெளியேறக் குறைந்தது 45 விநாடி, உள்ளே வந்து அணைக்கக் குறைந்தது 30 விநாடி அவகாசம். செய்தி வெளியே போகும்முன் ரத்துசெய்யச் சிறு இடைவெளி. ஒற்றைத் தட்டில் இயங்கும் அவசர விசை கூடாது. இவை அதன் முக்கியக் கூறுகள்.

நம் அரசும் இதே முடிவுக்குத்தான் வந்தது. 2016 ஏப்ரலில் வந்த விதிப்படி, 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லா செல்போன்களிலும் அவசர விசை இருக்க வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தல். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை வேகமாக அழுத்தல். 5இன் மேல் இருக்கும் சிறு புடைப்பு இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படும். அழைப்பு போகும் 112 எண் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்க வந்த இந்த ஒரே குறுக்குவிசை கூப்பிடுவதற்கு மட்டும் வைக்கப்பட்டது என்பதையும், ஒற்றைத் தட்டை அரசு ஏற்கவில்லை என்பதையும் வீட்டு அலாரம் போடுகிறவர்கள் மனதில் வைக்கலாம்.

மிரட்டலில் அடிக்கும் கோடு

திருடன் கழுத்தில் கத்தி வைத்து "அலாரத்தை அணை" என்றால்? அதற்காகவே வந்தது மிரட்டல் கோடு. அதை அடித்தால் அலாரம் வழக்கம்போல் அணையும்; ஆனால் சத்தமில்லாமல் ஒரு செய்தி வெளியே போகும். சில பேனல்களில் வழக்கமான கோடின் கடைசி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டி அடித்தாலே அது மிரட்டல் கோடாகிவிடும். நினைவில் வைக்க எளிது; கை தவறி அடிக்கவும் அதே அளவு எளிது. 1234 அடிக்கப்போய் 1235 விழுந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போலீஸ் கிளம்பும். சிபி-01 இந்த 'ஒன்று கூட்டும்' வழியை விலக்கியது. மிரட்டல் கோடு வழக்கமான கோடிலிருந்து பிறக்காமல் தனி எண்ணாக இருக்க வேண்டும்.

ஏடிஎம் எண்ணைத் திருப்பி அடித்தால் போலீஸ் வரும் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்திக்கும் மூலம் இதேதான். அமெரிக்கரான ஜோசப் ஜிங்கர் 1998இல் அப்படி ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வங்கிகள் ஏற்கவில்லை. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2010இல் கொடுத்த அறிக்கையிலும் அது நடைமுறையில் இல்லை என்றே சொன்னது. 1221, 7777 போல இருபுறமும் ஒன்றாக வரும் எண்கள் மட்டும் நூறு உண்டு. அவற்றை வைத்திருப்பவர் என்ன செய்வார்? பதற்றத்தில் சொந்த எண்ணைத் தலைகீழாக நினைத்து அடிப்பது எத்தனை பேரால் முடியும்? அந்தச் செய்தியை நம்பி யாரும் ஏடிஎம்மில் சோதிக்க வேண்டாம். வீட்டு அலாரத்தில் மிரட்டல் கோடு இருப்பது உண்மை. ஆனால் அதை டெக்னீஷியன் போட்டுக் கொடுத்தால்தான் இருக்கும்.

மறுமுனையில் யார்?

இதுவரை பேசியது விசை. அழுத்தியபின் நடப்பது அதைவிடப் பெரிது. அமெரிக்காவில் அலாரச் செய்தி கண்காணிப்பு மையத்துக்குப் போகும். நம் மலைவீடுகளில் வழக்கமாக இருப்பது சிம் போட்ட டயலர். பதிந்துவைத்த எண்களுக்கு அது வரிசையாக அழைக்கும், எஸ்எம்எஸ் அனுப்பும். அங்கேதான் கொல்லிமலையின் நிலைமை குறுக்கே வருகிறது. ஒரு வளைவில் நிற்கும் சிக்னல் அடுத்த சரிவில் இருப்பதில்லை. பழைய டயலர்கள் 2ஜியில் மட்டும் இயங்கும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, எனவே அந்த சிம்மைப் போட்டால் டயலர் ஊமை. ரீசார்ஜ் முடிந்த சிம்மிலிருந்தும் அழைப்பு போகாது. பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி மின்வெட்டைத் தாங்கும். ஆனால் வைஃபை ரூட்டருக்குத் தனி யுபிஎஸ் இல்லாவிட்டால் போனில் இருக்கும் அலாரச் செயலிக்குப் போக வேண்டிய செய்தி வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். சிம், பேட்டரி, சிக்னல் மூன்றில் ஒன்று போனாலும் அவசர விசை வெறும் பிளாஸ்டிக்.

அழைப்பு போகும் வரிசையும் யோசித்து வைக்க வேண்டியது. பலர் முதல் எண்ணாகச் சென்னையில் இருக்கும் உரிமையாளரைப் போடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எழுந்து, பதறி, மலையில் யாருக்கு அழைப்பார்? முதல் எண் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருடையதாக இருக்க வேண்டும். அடுத்து ஊரில் சொல்வாக்குள்ள ஒருவர், அதற்கடுத்து உரிமையாளர். உள்ளூர்க் காவல் நிலைய எண்ணை எல்லோர் போனிலும் பதிந்துவைக்க வேண்டும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, பழக்கவழக்கம் அறிந்து வாழும் மலைவாழ் மக்கள் இங்கே இருக்கிறார்கள். இருட்டில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு முகம் பார்த்துப் பேசாத வெளியூர் உரிமையாளருக்கு எவ்வளவு விலையுள்ள பேனலும் உதவாது.

தகவல் சரியான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் ஏடிஎம்களை உடைத்துப் பணத்தோடு கண்டெய்னர் லாரியில் தப்பிய கும்பலைக் கேரளப் போலீஸ் தகவல் சொல்ல, நாமக்கல் போலீஸ் குமாரபாளையம் பகுதியில் விரட்டி மடக்கியது.

ஆந்திரப் போலீஸ், வெளியூர் போகும் குடும்பம் செயலியில் கேட்டுக்கொண்டால் பூட்டிய வீட்டில் கேமரா வைத்துக் கண்காணிக்கும் திட்டத்தை நடத்தியது. தமிழ்நாட்டிலும் ஊருக்குப் போவோர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். 2022இல் வந்த காவல் உதவி செயலியிலும் அவசர பட்டன் இருக்கிறது. இவை எல்லாம் அலாரத்துக்குத் துணை. ஆனால் அவற்றுக்கும் சிக்னல் வேண்டும்; வந்துசேர நேரம் வேண்டும். முதல் சில நிமிடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில்தான்.

செய்ய வேண்டியது

வாசல் கீபேடில் அவே, ஸ்டே, சைம் மூன்றுக்கும் விசை ஒதுக்கலாம். அங்கே அவசர விசையை ஒதுக்கினால் வருவோர் போவோர் கையும் குழந்தைகளின் கையும் படும். படுக்கையறைக் கீபேடில் ஸ்டேயும் போலீஸ், மருத்துவ அவசர விசைகளும் இருக்கட்டும். முதியவர் இருக்கும் வீட்டில் மருத்துவ விசையின் அழைப்பு முதலில் பக்கத்து வீட்டுக்கும், அங்கிருந்து 108க்கும் போகும்படி பேசிவைக்க வேண்டும். அணைப்பதற்கும் பைபாஸுக்கும் கோடு கட்டாயம். மிரட்டல் கோடு தனி எண்ணாக, வீட்டில் பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். மேக்ரோவை, அதில் என்னென்ன கோர்த்திருக்கிறது என்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டெக்னீஷியன் கிளம்பும் முன் நான்கு காரியம் நடந்தாக வேண்டும். இன்ஸ்டாலர் கோடும் மாஸ்டர் கோடும் மாற்றப்பட வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் என்ன வேலை என்று தமிழில் எழுதிய தாள் ஒன்று வீட்டுக்காரரிடம் சேர வேண்டும். அதில் கோடு எதுவும் இருக்கக் கூடாது. அவசர விசையை அழுத்தி, முதல் எண்ணுக்கு அழைப்பு போகிறதா என்று அவர் கண்முன்னே பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதையே மறுபடி பார்க்க வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை சோதிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. விஸ்டாவில் கோடும் 5உம், டிஎஸ்சியில் நட்சத்திரம் 6, மாஸ்டர் கோடு, பிறகு 4 என்று அடித்தால் சோதனை ஓடும்.

குறுக்குவிசை சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வது சரியில்லை. அவசரத்தில் விரலுக்கு எட்டும் விசை உயிரைக் காக்கும். வசதி என்று எல்லாவற்றையும் விசையில் ஏற்றுவதும் சரியில்லை. பூட்டுவதற்கும் கூப்பிடுவதற்கும் குறுக்குவழி வேண்டும். திறப்பதற்குக் குறுக்குவழி கூடாது. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அவசர விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முதல் மணியில் போனை எடுப்பவர் நடந்தே வந்துசேரக்கூடிய தூரத்தில் இல்லை என்றால், அந்த எண்ணை முதலில் மாற்றுங்கள்.